கடல் கடந்தோர் வாக்கும் இளையோர் வாக்கும்

நமது பழைய மாணவர் சங்கத்தின் சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வந்திருந்த அன்பர்கள், அங்கு எழுந்த ஒரு வாதத்தை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் பழைய மாணவர் சிலர், நிர்வாகிகளைத் தெரிவு செய்யுங்கால் தாமும் அஞ்சல்வழி வாக்களிக்க இடந்தரல் வேண்டுமென எழுதியிருந்தனர். "மண்டபத்துக்குப் பணம் அனுப்பியமைக்கு நன்றி, ஆனால் கூரை ஒழுகும்போது வாளி வைப்பவர்கள் நாங்களல்லவா?" என்று இங்குள்ள அன்பர் ஒருவர் எழுந்து கேட்டார். அக்கூரையைப் போட்டவர்களே தாங்கள்தாம் என்னும் பொருள்படக் கடல் கடந்தோர் கடிதத்திலும் ஒரு வரி இருந்தது. ஒரு மணி நேரம் வாதித்தபின் தீர்மானம் நிறைவேறியது. தேயிலை விளையும் ஊரிலே தேநீர் ஆறிப்போனது ஒன்றே அன்றைய நட்டம்.

நாம் அத்தீர்மானத்திற்குக் கையுயர்த்தினோம். எனினும் பொகவந்தலாவைப் பேருந்தில் வீடு திரும்புகையில் நம் மனத்தில் நின்றவர்கள் ரொறன்ரோ அன்பர்கள் அல்லர். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் ஒரு தாயும் நமது வகுப்பிற் பயிலும் அவள் மகனுமே. அவர்களைப் பற்றிப் பின்னர்க் கூறுவாம். அதற்குமுன் பழைய கதை ஒன்று சொல்லவேண்டியுளது. வாக்குரிமை பற்றி மலையகத்தான் பேசப் புகுந்தால் 1947 இலிருந்தே தொடங்கல் வேண்டும்.

அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். நுவரெலியாவில் திரு. சௌ. தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளரும் கவிஞருமான திரு. சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் திரு. க. இராஜலிங்கம் ஆகியோர் அவருள் மூவர். வேறு பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணையாயிற்று. அது கண்டு அஞ்சியோர் வாளாவிருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் முதலில் வந்தது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் அடுத்து வந்தது. அவ்வாண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் மூன்றாவதாக வந்து, பிரசையல்லாதார்க்கு வாக்கில்லை என்று கதவை அடைத்தது. தமிழ்க் காங்கிரசு பிளவுற்று, 1949 டிசம்பரில் திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் தமிழரசுக் கட்சியை நிறுவியதற்கும் இவ்வுரிமைப் பறிப்பு ஒரு காரணமாகும். வடபுலத்துப் பழைய மாணவர்கள் இதனைத் தம் பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்தல் நன்று.

இச்சட்டங்களுள் நம் குடும்பத்தைத் தீண்டியது இரண்டாவது. மணமானவராயின் 1946 சனவரி முதலாம் நாளுக்கு முன் ஏழாண்டும், மணமாகாதவராயின் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்திருத்தல் வேண்டுமென்று அது விதித்தது. பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்டு நாட்டைவிட்டுப் போயிருந்தால் அவ்வதிவு அறுந்ததாகக் கொள்ளப்படும். நம் பாட்டனார் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே கவ்வாத்து வெட்டியவர். திருச்சிச் சீமையில் தம் தந்தையார் நோயுற்றாரென்று கேட்டுத் தலைமன்னாரிற் கப்பலேறினார். நோய்க்குப் பணிவிடை, பின்னர் ஈமக்கடன், பின்னர்ச் சிறுநிலத்து வழக்கு எனப் பதினான்கு மாதம் கழிந்தன. திரும்பி வந்தவர் முன்புபோல் மீண்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தார். ஆயின் அவ்விரண்டு மாத மிகுதி அவரை இந்நாட்டார் அல்லர் என்று ஆக்கிவிட்டது. தந்தைக்குக் கொள்ளி வைக்கப் போனது குற்றமாயிற்று.

இது நம் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அச்சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். பிரசாவுரிமை பெற்றோரோ ஒன்றரை இலட்சம் பேருக்கும் குறைவு. எஞ்சியோரை 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் தலைக்கணக்காகப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பின்னர்த் தீர்த்துக்கொள்வதற்கென 1,50,000. அப்பின்னர்த் தொகையையும் 1974 இல் இரு நாடும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மலையகத் தமிழர் தம் வாக்கால் ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு மீண்டும் அனுப்ப 1977 வரை முப்பதாண்டு காத்திருந்தனர். 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களே நாடற்றோர் என்னும் பெயரைப் படிப்படியாகத் துடைத்தன.

நம் பாட்டனார் தம் வாழ்நாளில் ஒரே தடவைதான் வாக்களித்தார். அது 1947 இல். நம் பாட்டியார் தம் இரண்டாவது வாக்கை 1994 இல் இட்டார். இடையே நாற்பத்தேழு ஆண்டுகள். வாக்குச்சாவடிக்கு அவரைக் கைபிடித்து அழைத்துச் சென்ற சிறுவர் நாமே. விரலில் மை இட்ட உத்தியோகத்தரை அவர் கையெடுத்துக் கும்பிட்டது இன்றும் நம் கண்முன் நிற்கின்றது. கும்பிட வேண்டுவதில்லை என்று அப்பொழுது நாம் வெட்கப்பட்டோம்.

இனி இளையோர் வாக்குக்கு வருவோம். இலங்கை இவ்வகையில் உலகுக்கு முன்னோடியாக நடந்த நாடு என்பது பலருக்குத் தெரியாது. 1931 இல் ஆண் பெண் இருபாலார்க்கும் இருபத்தொரு வயதில் வாக்குக் கிடைத்தது. 1959 இல் அவ்வயது பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. பிரித்தானியா இதனை 1969 இலும், ஐக்கிய அமெரிக்கா 1971 இலும், இந்தியா அறுபத்தோராம் அரசியலமைப்புத் திருத்தத்தால் 1988 இலும் செய்தன. ஆயின் 1960 மார்ச்சு மாதத் தேர்தலில் கொழும்பிலும் காலியிலும் யாழ்ப்பாணத்திலும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வாக்களித்துக் கொண்டிருக்க, ஹற்றனில் எழுபது வயதுக் கிழவர்கள் லயத்துத் திண்ணையில் அமர்ந்து அவ்வேடிக்கையைப் பார்த்துக் கொண்டிருந்தனர். ஒரு கையால் உரிமையை விரித்துக்கொண்டே மறு கையால் சுருக்கவும் ஓர் அரசால் முடியும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று நாம் அறியோம்.

நிற்க. 2024 செப்தெம்பர் 21 ஆம் நாள் ஜனாதிபதித் தேர்தல். அதற்கு முந்திய வாரம், பாடம் முடிந்து நாம் வகுப்பறையை விட்டு வெளியேறுகையில் பதினேழு வயது மாணவன் ஒருவன் பின்தொடர்ந்து வந்தான். அவன் தாய் குவைத்து சென்று ஐந்தாண்டாகின்றது. இடையில் ஒரு முறை வந்து போனாள். தந்தை இல்லை. தம்பி தங்கையர் இருவரையும் பாட்டியின் துணையுடன் அவனே பார்த்துக்கொள்கின்றான். தாய் அனுப்பும் பணத்தை வங்கியில் எடுப்பவனும், கடைக்கணக்குத் தீர்ப்பவனும், தங்கையின் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்துக்குப் போகின்றவனும் அவனே. தோட்டத்து அலுவலகத்தின் வழியாக மூன்று நாள் தாமதித்து வந்த தாயின் வாக்காளர் அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

"சேர், எங்க அம்மா ஓட்ட நான் போடலாங்களா?"

கூடாது, அஃது ஆள்மாறாட்டம், சட்டப்படி குற்றம் என்று கூறினோம். "அப்ப இந்தக் கார்டு எதுக்கு சேர் வருது?" என்று கேட்டான். இலக்கணத்தில் அவன் அவ்வளவு கெட்டிக்காரன் அல்லன்; கேள்வி கேட்பதில் கெட்டிக்காரன். அவ்வினாவுக்கு நம்மிடம் விடையிருக்கவில்லை. இக்கட்டுரை அவனுக்குப் பிந்திக் கொடுக்கும் விடையெனக் கொள்க.

அட்டை வருவதற்குக் காரணம், அவள் இந்நாட்டுப் பிரசை என்பதே. அரசியலமைப்பின் நான்காம் உறுப்புரை, பதினெட்டு வயது நிரம்பித் தேருநர் இடாப்பிற் பெயர் பதியப்பெற்ற ஒவ்வொரு பிரசைக்கும் வாக்குரிமை உண்டென்கின்றது. அதில் கடலைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் வாக்களிக்கும் முறையை வகுத்த தேர்தற் சட்டங்கள், அந்நாளில் அவ்வாக்குச்சாவடியில் நேரில் வந்து நிற்போருக்கே வாக்குச்சீட்டைத் தருகின்றன. தபால்மூல வாக்களிப்பு உண்டு. அது தேர்தற் கடமையிலுள்ளோர், முப்படையினர், பொலிசார் முதலிய அரச ஊழியர்க்கே உரியது. 2024 இல் அதற்குத் தகுதி பெற்றோர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர். ஏழு இலட்சம் கடித உறைகளைக் காத்து, எண்ணி, முடிவு கூறத் தெரிந்த ஒரு நிருவாகத்துக்குத் தூதரகங்களில் ஒரு பெட்டி வைப்பது மலையைப் பெயர்க்கும் வேலையாகாது.

அதே 2024 இல் வேலைவாய்ப்புக்காக நாட்டைவிட்டுச் சென்றோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவ்வாண்டு வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய பணம் 650 கோடி அமெரிக்க டொலரைத் தாண்டியது. 2022 இல் மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இன்றி நாடு திகைத்து நின்றபோது, வங்கிவழிப் பணம் அனுப்புமாறு இவர்களைத்தான் அரசு கெஞ்சிக் கேட்டது. கேட்டதில் தவறில்லை. ஆயினும் பணம் அனுப்பப்படும் வழியில் வாக்கு மட்டும் வரமுடியாதென்பது நமக்கு விளங்கவில்லை.

நம் மாணவனின் தாய் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னாளாம். அவள் பணிசெய்யும் வீட்டுக்கு அடுத்த வீட்டிலிருக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பணிப்பெண், 2022 இல் ஒரு வெள்ளிக்கிழமை தன் நாட்டுத் தூதரகம் சென்று வாக்களித்து வந்தாள். வேலை ஒன்றே, துன்பமும் ஒன்றே. வேறுபாடு, பிலிப்பைன்ஸ் 2003 இல் ஒரு சட்டம் இயற்றியதுதான். இந்தோனேசியரும் தம் நாட்டுத் தேர்தலுக்குத் தூதரகங்களில் வாக்களிக்கின்றனர். இந்தியாவோ 2010 இல் சட்டந்திருத்தி, வெளிநாட்டில் வாழும் தன் குடிமக்களின் பெயரைப் பட்டியலில் ஏற்றது. ஆனால் தொகுதிக்கு நேரில் வந்தே வாக்களித்தல் வேண்டும் என்றது. இலையைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிய விருந்து இது. விமானச் சீட்டுக்குப் பணமுள்ளவர் வந்து உண்ணலாம்.

எதிர்ப்போர் கூறுவனவற்றையும் எண்ணாமல் இருக்கவில்லை. செலவு ஆகும் என்பர், அது பெரிதன்று. எசமானின் வீட்டை விட்டு வெளியேற விடுமுறையில்லாத பணிப்பெண் எவ்வாறு தூதரகம் செல்வாள் என்பது கனமான வினா. ஒரே நாளில் முடிக்காமல் சில வாரங்கள் திறந்துவைப்பதும், அஞ்சலை ஏற்பதும் அதற்கு ஓரளவு மருந்து, முழு மருந்தன்று. இன்னொன்றுதான் நம்மைத் தயங்கவைப்பது. இந்நாட்டின் விலைவாசியையும் வரியையும் சட்டத்தையும் தம் உடம்பில் ஏற்காதவர், எங்கோ பாதுகாப்பாக இருந்துகொண்டு எம்மை ஆள்பவரைத் தெரியலாமா என்பது அவ்வினா.

இங்கே நாம் ஒரு கோடு கிழிக்க விரும்புகின்றோம். அந்நிய நாட்டிற் குடியேறி, வீடுவாங்கி, அந்நாட்டுப் பிரசாவுரிமையும் பெற்று, இங்குள்ள உரிமையையும் இரட்டைப் பிரசாவுரிமையால் வைத்திருப்போர் ஒரு வகையினர். இரண்டாண்டு ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டு, இங்குள்ள லய அறையில் பிள்ளைகளை விட்டுச் சென்றோர் மற்றொரு வகையினர். பின்னவர் இந்நாட்டின் விலைவாசியை நாள்தோறும் தொலைபேசியிற் கேட்டறிந்து, அதற்கேற்பப் பணம் அனுப்புவோர். இந்நாட்டுப் பாடசாலையும் மருந்தகமும் எவ்வாறு இருக்கின்றன என்பதில் அவர்தம் பிள்ளைகளின் வாழ்வு தங்கியிருக்கின்றது. முதற்கண் வாக்குப் பெறவேண்டியோர் இவரே. ஏனையோர்க்கு ஆண்டெல்லை வகுப்பதா, எல்லையின்றிக் கொடுப்பதா என்பதைப் பின்னர் வாதிடலாம். பிரித்தானியா பதினைந்தாண்டு எல்லை ஒன்றை வைத்திருந்து, 2024 இல் அதனை நீக்கியது. நம் ரொறன்ரோ நண்பர்கள் இவ்வரிகளைப் படித்து மனம் வருந்துவராயின், சங்கத் தேர்தலில் நமக்கெதிராக அஞ்சல்வழி வாக்களிக்க அவர்களுக்கு இப்போது உரிமையுண்டு.

"வதிவு" என்னும் சொல்லை நாம் இவ்வளவு கூர்ந்து நோக்குவதற்குக் காரணம் நம் பாட்டனாரின் அப்பதினான்கு மாதங்களே. அன்று வதிவு அறுந்தது என்று சொல்லி அவரது வாக்கைப் பறித்தனர். இன்று பெயரைப் பறிப்பதில்லை. பெயரை வைத்துக்கொண்டே வாக்கைப் பயன்படாததாக்குகின்றனர். இரண்டுக்கும் அடியிலுள்ள எண்ணம் ஒன்றே: பிழைப்புக்காகவோ கடமைக்காகவோ வெளியே போனவனுக்கு இம்மண்ணிற் பற்றில்லை என்பது. வேறெவர் இதனை ஒப்பினும், மலையகத்தார் ஒப்புதல் தகாது.

கடலைக் கடவாமலே வாக்கிழப்போரும் உளர். ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பகுதிகளிலிருந்து கொழும்புக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் சென்ற பிள்ளைகளைச் சொல்கின்றோம். தூரத்துக்கேற்ப அரைநாள் முதல் இரண்டு நாள் வரை விடுமுறை கொடுத்தல் வேண்டுமென்று முதலாளிமார்க்கு அறிவுறுத்தல் உண்டு. கடையின் பின்னறையிற் படுத்துறங்கும் பையன் அவ்வறிவுறுத்தலை யாரிடம் காட்டுவான்? உள்நாட்டுப் போரால் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் பழைய முகவரியிற் பதிந்துகொள்ள 2013 இல் தனிச்சட்டம் செய்த நாடு இது. மனமிருந்தால் சட்டத்துக்கு வழி தெரியும்.

பதினெட்டுக்குக் கீழே இறங்கலாமா என்பது அடுத்த வினா. ஆசிரியர் அறையில் இதனை எடுத்தால் பெரும்பாலோர் சிரிப்பர். பிரேசில் 1988 இலும் ஒஸ்திரியா 2007 இலும் பதினாறு வயதினர்க்கு வாக்களித்தன என்றால், அவை வேறு நாடுகள் என்பர். ஆகவே நம் நாட்டையே பார்ப்போம். இங்கே பதினைந்து வயதில் தேசிய அடையாள அட்டை எடுத்தாக வேண்டும். 2021 இல் தொழில் புரிவதற்கான மிகக் குறைந்த வயது பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது; அஃதாவது பதினாறில் ஒருவன் உழைத்து வாழலாமென்று சட்டமே சொல்கின்றது. க.பொ.த. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திக் கொழும்புக்குப் பேருந்தேறும் நம் பிள்ளைகளின் வயதும் அதுவே. அவன் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் வரி இருக்கின்றது. வாக்கு ஒன்றுதான் இல்லை.

தமிழாசிரியர் என்ற வகையில் குடவோலையை நாம் பெருமையோடு கற்பிப்பதுண்டு. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழர் தேர்தல் கண்டனர் என்போம். ஆனால் குடத்திலிடும் ஓலையில் ஒருவன் பெயர் எழுதப்படுவதற்கு வரி செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், முப்பத்தைந்து முதல் எழுபது வரை வயதும் வேண்டுமென்று அக்கல்வெட்டே கூறுகின்றது. ஒரு முறை இதனை வகுப்பில் விளக்கியபோது, நம் தோட்டத்தில் எவர் பெயரை எழுதலாமென்று கேட்டோம். பிள்ளைகள் சிறிது எண்ணிப் பார்த்து, ஒருவர் பெயரையும் எழுதமுடியாது என்றனர். லய அறை தோட்டத்துக்குரியது, நிலமும் தோட்டத்துக்குரியது. பழம்பெருமையை அப்படியே இன்றைக்கு எடுத்துவரலாகாது என்பதை நாம் சொல்லாமலே அவர்கள் கண்டுகொண்டனர். இத்தகைய பிள்ளைகளுக்கு வாக்களிக்கும் அறிவில்லை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

ஆயினும் ஒரேயடியாகப் பாராளுமன்றத்துக்கும் ஜனாதிபதிப் பதவிக்கும் பதினாறு வயதினர் வாக்களிக்கட்டும் என நாம் கேட்கவில்லை. பிரதேச சபையில் தொடங்கலாம் என்பதே நம் கருத்து. தோட்டப் பாதை, குடிநீர், மயானம், விளையாட்டிடம் ஆகியவை அச்சபைக்குரியன; இவற்றை வயது முதிர்ந்தோரினும் பிள்ளைகள் நன்கறிவர், ஏனெனில் நாள்தோறும் பாடசாலைக்கு அப்பாதையில் நடப்பவர்கள் அவர்களே. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களில் அச்சபைகள் பணம் செலவிடுவதற்குத் தடையாயிருந்து, 2018 இலேதான் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலையொட்டி மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை எனப் புதிய சபைகளும் தோன்றின. புதிய கலத்துக்குப் புதிய கைகள் வேண்டாவா?

பாடசாலைகள் அரசியல் மேடைகளாகிவிடும் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வோம். இல்ல விளையாட்டுப் போட்டிகளில் பிரதம விருந்தினர் ஆசனத்தில் அமர்வோர் யாவரென்று கடந்த இருபதாண்டு அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். அரசியல் வாயிலின் வழியே மாலையோடு உள்ளே வந்து நெடுங்காலமாயிற்று. குடியுரிமைக் கல்வி மட்டும் மேல்வகுப்பில் விருப்பப் பாடமாக ஒதுங்கி நிற்கின்றது. லயத்தில் தலைவர் சொன்ன சின்னத்துக்கே வாக்களித்துப் பழகிய பெரியோரினும், ஏன் அச்சின்னம் என்று கேட்கும் இப்பிள்ளைகளை நாம் நம்புகின்றோம்.

பதினெட்டு நிரம்பியோரும் எல்லாரும் வாக்களித்தனர் என்று எண்ணிவிட வேண்டாம். முன்னர் சூன் முதலாம் நாளில் பதினெட்டு வயது நிரம்பியிருந்தாலன்றி அவ்வாண்டு இடாப்பிற் பெயர் ஏறாது. 2019 நவெம்பர் ஜனாதிபதித் தேர்தல் 2018 ஆம் ஆண்டு இடாப்பைக் கொண்டே நடந்தமையால், பத்தொன்பதை எட்டியவர்களிலும் பலர் வாக்கின்றி நின்றனர். 2021 இல் வந்த திருத்தம், இடையில் வயது நிரம்புவோரைக் குறைநிரப்புப் பட்டியலிற் சேர்க்க வழிசெய்தது. அவ்வழி இருப்பதைத் தோட்டங்களில் எத்தனை வீட்டார் அறிவர்? படிவம் வந்து, நிரப்பத் தெரியாமல் அரிசிப் பானையின் கீழ்க் கிடந்ததை நாமே கண்டிருக்கின்றோம். நமது பழைய மாணவர் சங்கம் யூபிலி ஆண்டில் என்ன செய்யலாமென்று பலரும் கேட்கின்றனர். வளைவும் சிலையும் கட்டுவோர் கட்டட்டும். ஆண்டுதோறும் ஒரு சனிக்கிழமை, தோட்டந்தோட்டமாகச் சென்று அப்படிவங்களை நிரப்பிக் கொடுக்க முப்பது பழைய மாணவர் முன்வருவாராயின், நாம் முப்பத்தோராமவராக வருகின்றோம்.

அம்மாணவனுக்கு இப்போது பதினெட்டு வயது நிரம்பிவிட்டது. தாய் இன்னும் குவைத்திலேயே இருக்கின்றாள். இவ்வாண்டு கிராம உத்தியோகத்தர் தந்த படிவத்தில் தாயின் பெயரை முதலாவதாகவும் தன் பெயரை இரண்டாவதாகவும் எழுதி, கையளிக்குமுன் நம்மிடம் கொண்டுவந்து காட்டினான். தாயின் பெயரில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. அடித்தெழுதினால் அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள் என்று புதுப்படிவம் வாங்கிவரச் செய்து, பக்கத்திலிருந்து எழுதுவித்தோம்.